14 பக்க அறிக்கையும் அரைப்பக்கத் தாளும்

என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு. மதிப்பீட்டு அறிக்கை 14 பக்கம். பள்ளியில் யாரும் முழுதாகப் படித்ததில்லை. ஆண்டுதோறும் புது ஆசிரியரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கோபப்பட்டும் பார்த்தேன், பலனில்லை.

ஒருநாள் வீட்டுப் பலகையில் நாலு வரி எழுதி, எடுத்தெழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்க்கிறான், இரண்டு எழுத்து எழுதுகிறான், மறுபடி நிமிர்ந்தால் விட்ட இடம் தெரியவில்லை. மூன்றாவது வரியில் பென்சிலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். வாயால் கேட்டால் அதையே மடமடவென்று சொல்கிறான்!

சரி, அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அரைப்பக்கம் எழுதினேன். பலகையில் இருப்பதை அச்சிட்டுக் கொடுங்கள், எல்லோர் முன்னாலும் திடீரென்று வாசிக்கச் சொல்லாதீர்கள், விடையை வாயாலும் கேளுங்கள், தேர்வுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அவ்வளவுதான். வகுப்பாசிரியர் என் கண்ணெதிரிலேயே இரண்டு முறை படித்தார்.

அப்புறம் இன்னும் நான்கு பெற்றோரும் ஆளுக்கொரு தாள் எழுதினார்கள். தனியாகக் கேட்டபோது ‘ஒரு பிள்ளைக்காக முடியாது’ என்ற நிர்வாகம், ஐந்து பேராகப் போனதும் வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியரை வரவழைத்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான். பென்சில்கள் மட்டும் இப்போது முழுசாக வீடு திரும்புகின்றன.