இக்கிகாயை வினைச்சொல்லில் தேடுங்கள்

வாழ்வதற்குப் பெறுமதி தருவதை ஜப்பானியர் ‘இக்கிகாய்’ என்கிறார்கள். அதைத் தேடிப் புறப்படுபவரின் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் நான்கு வட்டங்கள் கொண்ட ஒரு படமே. விருப்பம், திறமை, உலகின் தேவை, ஊதியம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று வெட்டும் நடுவிடத்தில் வாழ்வின் நோக்கம் இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததன்று. ஸ்பானியச் சோதிடர் ஆந்திரேஸ் சுசுனாகா ‘நோக்கம்’ என்ற சொல்லை நடுவில் வைத்து வரைந்ததில், அச்சொல்லை எடுத்துவிட்டு இக்கிகாயை 2014 இல் பொருத்தியவர் மார்க் வின் என்பவர். கொழும்பின் வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரோ, கொட்டாஞ்சேனையில் மூன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு நிமிரும் தாயோ ஊதிய வட்டத்தை வைத்துத் தம்மை அளந்து பார்த்தால், தமக்கு இக்கிகாயே இல்லை என்றுதான் முடிவு செய்வார்கள். ஆகவே அந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

சொல்லையே பாருங்கள். ‘இக்கி’ என்பது வாழ்தல். ‘காய்’ என்பது பெறுமதி. இதே ‘காய்’ வேறு வினைகளோடும் சேர்கிறது: ‘யாரிகாய்’ என்றால் செய்வதில் உள்ள பெறுமதி, ‘ஹதராகிகாய்’ என்றால் உழைப்பதில் உள்ள பெறுமதி. பெறுமதி ஒரு பதவியிலோ பட்டத்திலோ அல்லாமல் செயலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இந்தச் சொல்லமைப்பே காட்டுகிறது. தேடும் முறையும் இதிலிருந்தே வருகிறது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, நான்கு வாரங்களுக்கு ஒவ்வோர் இரவும் இரண்டே வரிகள் எழுதுங்கள். இன்று காலை எழும்போது எதை எதிர்பார்த்தேன் என்பது முதல் வரி. எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை என்பது இரண்டாவது. பெயர்ச்சொல்லில் எழுதாமல் வினைச்சொல்லில் எழுதுவது முக்கியம். ‘சமையல்’ என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. ‘வல்லாரை ஆய்ந்துகொண்டே அம்மாவோடு கதைத்தேன்’ என்று எழுதினால், உங்களுக்கு இனித்தது கீரையா, கதையா என்று பின்னர் பிரித்தறியலாம். ஒன்றும் இல்லாத நாளில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். பிறர் படித்தால் நன்றாக இருக்கும் என்பதற்காகத் தியானத்தையும் உடற்பயிற்சியையும் சேர்த்துவிடாதீர்கள்.

நான்கு வாரங்கள் முடிந்ததும் கொப்பியை ஒரே இருப்பில் படித்து, திரும்பத் திரும்ப வரும் வினைகளின் கீழ்க் கோடிடுங்கள். திருத்தினேன், கற்றுக்கொடுத்தேன், நட்டேன், கேட்டுக்கொண்டிருந்தேன் என்று இரண்டு மூன்று தேறும். அவற்றுள் ஒன்றை எடுத்து, நாளின் எந்த வேளையில், வீட்டின் எந்த மூலையில் அதைச் செய்வது என்று முடிவு செய்யுங்கள். காலி வீதியில் பஸ்ஸுக்குள்ளேயே நாளின் இரண்டு மணித்தியாலங்களைக் கழிப்பவருக்கு மாலையில் உடல் ஒத்துழைக்காது. காலையில் இருபது நிமிடம் போதும்.

நம் வீடுகளில் நான் மிகவும் கவலைப்படுவது, பிள்ளைகளை மட்டுமே இக்கிகாயாகக் கொண்டிருக்கும் பெற்றோரைப் பற்றித்தான். உயர்தரப் பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளைக்காகவே விடிந்த வீடு, அது ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போன மறுநாள் முதல் தொலைபேசி ஒலிக்கும் நேரத்துக்காக மட்டுமே காத்திருக்கத் தொடங்குகிறது. எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் இருந்தார். பின்னர் ஒரு மழைக்காலத்தில், மரைன் டிரைவ் காற்றில் கம்பி மடிந்துபோன தம் குடையைத் தாமே பிரித்துப் பார்த்தார். இன்று அவருடைய பால்மாப் பேணியில், எறியப்பட்ட குடைகளிலிருந்து கழற்றிய கம்பிகள் நீளவாரியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மெழுகு பூசிய கறுப்பு நூலும் வளைந்த ஊசியும் பழைய கண்ணாடிக் கூட்டில் இருக்கின்றன. குடையை விரித்து, மடியில் கவிழ்த்து, கம்பியின் நுனியைத் துணியோடு மூன்று முறை சுற்றித் தைத்துப் பல்லால் நூலை அறுக்கிறார். காசு வாங்குவதில்லை. மகன் அழைக்கும்போது இப்போது அவருக்கும் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

இருந்த பற்றுக்கோடு போனபின் மனிதர் எப்படி எழுகிறார் என்பதை ஆழமாக ஆராய்ந்தவர், ஜப்பானிய மனநல மருத்துவர் மியேகோ காமியா. நகாஷிமா தீவின் தொழுநோய் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய அவர், ஒரே நிலையில் இருக்கும் நோயாளர்களுள் சிலர் வெறுமையில் ஆழ, வேறு சிலர் உயிர்ப்போடு வாழ்வது ஏன் என்று கேட்டு, 1966 இல் இக்கிகாய் பற்றிய நூலை வெளியிட்டார். இக்கிகாயாக இருக்கும் பொருள் வேறு, அதனால் மனத்தில் எழும் உணர்வு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பொருள் போய்விட்டாலும் அந்த உணர்வு வேறொன்றில் மீண்டும் வேர்விடலாம் என்பதற்கு இந்தப் பிரிப்பு இடம் தருகிறது.

தேர்ந்த வினையை இன்னொருவரோடு இணைத்துவிடுவதும் நல்லது. ஜப்பானின் ஒகினாவாவில் ‘மோவாய்’ என்ற சிறு குழுக்கள் உண்டு. நம்மவர் சீட்டுப் பிடிப்பதுபோல மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுப்பதோடு, ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தேடிப்போய் விசாரிப்பார்கள். உங்கள் சீட்டுக்காரர்களோடு அந்த விசாரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதனால் ஆயுள் கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தரவு உண்டு. மியாகி மாகாணத்தின் ஒசாகி பகுதியில் 43,391 பேரிடம் வாழ்வில் இக்கிகாய் உண்டா என்று கேட்டு, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008 இல் வெளியானது. இல்லை என்றவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் அற்று, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பவருக்குக் கொப்பி மருந்தாகாது. அவர் மருத்துவரைக் காண வேண்டும். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு அதே கொப்பியில், விட்ட பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு வாரங்கள் எழுதிப் பாருங்கள். பழைய வினை மறைந்து புதியது வந்திருந்தால், மூலையையும் நேரத்தையும் புதியதற்கு மாற்றிக் கொடுங்கள்.