எந்த ரீமாஸ்டரைக் கேட்பது? பழைய சோல், ராக் ஆல்பங்களின் பதிப்புகளைக் காதால் ஒப்பிடும் முறை

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தைத் தேடினால் ஒரே ஒரு பதிப்போடு முடியாது. சாதாரணப் பதிப்பு, டீலக்ஸ் பதிப்பு, ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். ஆல்பம் வந்தது 1971ல், ஒரே முறைதான். அப்புறம் ஏன் இத்தனை? புதிதாக இவற்றைக் கேட்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். புதியதுதான் நல்லது என்று சிலர் சொல்வார்கள். முதல் அச்சைத் தவிர எதையும் தொடாதே என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு நல்ல ஹெட்ஃபோன், ஒரு லேப்டாப், பாட்டை மாற்றி மாற்றிப் போட வீட்டில் ஒரு ஆள் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: அது ரீமாஸ்டரா, ரீமிக்ஸா?

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை கிளம்புகிறது. ஸ்டூடியோவில் டிரம்ஸ், பேஸ் கிடார், குரல் எல்லாம் டேப்பில் தனித்தனித் தடங்களில் பதிவாகும். அவற்றைக் கலந்து, எது முன்னே, எது பின்னே, எது இடது காதில், எது வலது காதில் என்று முடிவு செய்வது மிக்ஸிங். கலந்து முடித்த அந்த டேப்பை எடுத்து மொத்த ஒலியின் அளவையும் தன்மையையும் சீர்செய்வது மாஸ்டரிங். குழம்பு கொதித்து இறக்கிய பிறகு உப்பு, காரம் சரிபார்க்கலாம். அதில் கரைந்த புளியை மட்டும் தனியே எடுக்க முடியாது. ரீமாஸ்டர் செய்கிறவரின் நிலை அதுதான். ரீமிக்ஸ் செய்கிறவர் முதலிலிருந்து சமைக்கிறார்.

இதைக் காதால் உணர எளிய வழி பீட்டில்ஸ். 1967ல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ரீமாஸ்டரை ஒருமுறை, இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த 2017 ரீமிக்ஸை ஒருமுறை கேளுங்கள். இரண்டாவது வேகமாக ஓடும், சுருதியும் ஏறியிருக்கும். நீளத்தைப் பார்த்தால் சுமார் பத்து நொடி குறைவு. காரணம் சுவையானது. அன்று பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸைத்தான், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வருவதை. இடது, வலது என்று ஒலி பிரிந்து வரும் ஸ்டீரியோ மிக்ஸ் பிறகு அவர்கள் இல்லாமல், குறைந்த நேரத்தில் முடிந்தது. மோனோவில் இந்தப் பாட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள், ஸ்டீரியோவில் அது விடுபட்டுப்போனது. 2017ல் ஜைல்ஸ் மார்ட்டின் மோனோவின் வேகத்துக்குத் திரும்பினார். ஆக, 'மாற்றிவிட்டார்கள்' என்று பலர் கோபப்பட்ட பதிப்புதான் அன்றைய முடிவுக்கு அருகில் இருக்கிறது.

எனவே முதலில் ஆல்பத்தின் பின்னட்டையிலோ பாட்டின் பெயரிலோ 'ரீமாஸ்டர்டு' என்று இருக்கிறதா, 'மிக்ஸ்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். மிக்ஸே வேறு என்றால் அதை ரீமாஸ்டரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடக் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இரண்டாம் படி: எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள்?

சிடி உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். நல்ல வெளியீட்டில் எந்த டேப்பிலிருந்து மாற்றினார்கள், யார் மாஸ்டரிங் செய்தார், எந்த ஆண்டு என்று இருக்கும். எதுவுமே இல்லாமல் 'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' என்று அட்டையில் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? அந்தக் காலத்தில் இசைத்தட்டு வெட்டுவதற்கென்று மாஸ்டர் டேப்பிலிருந்து இன்னொரு நகல் எடுப்பார்கள். அதில் பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியைக் கொஞ்சம் குறைத்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி வைப்பார்கள். ஆழமான பேஸ் வந்தால் தட்டின் பள்ளம் அகலமாகி, மலிவான பிளேயர்களில் ஊசி குதித்துவிடும் என்ற பயம். 1980களில் அவசர அவசரமாகச் சிடி போட்டபோது கைக்குக் கிடைத்த இந்த நகல்களையே பல நிறுவனங்கள் பயன்படுத்தின. அதனால்தான் அந்த ஆரம்பகாலச் சிடிகள் சில சோகை பிடித்ததுபோல ஒலிக்கின்றன. அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு மூல மாஸ்டர் டேப்பைத் தேடிப் பிடித்துச் செய்யும் ரீமாஸ்டர் பெரிய வரம். அதே சமயம், முதல் சிடியே மூல டேப்பிலிருந்து கவனமாக எடுத்ததாக இருந்தால் அதை மிஞ்சுவது கடினம். அதனால் ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

டேப்பும் சாகும் பொருள்தான். 1970களின் நடுவிலிருந்து வந்த சில டேப் வகைகளில் காந்தப் பொடியை ஒட்டிவைத்த பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அப்படியே ஓட்டினால் பொடி உரிந்து வந்துவிடும். அதனால் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து 'பேக்' செய்து, நன்றாக ஆறவிட்டு, பிறகு ஓட்டி டிஜிட்டலில் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பாட்டைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் மனிதர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வரும்.

மூன்றாம் படி: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காதுக்கு அது 'நல்ல ஒலி' என்று படும். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் உச்ச ஒலிகளும் காதில் மங்கலாக விழும். கூட்டினால் அவை தெளிவடையும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். 1990களிலிருந்து வந்த பல ரீமாஸ்டர்கள் பழைய சிடியைவிடப் பல டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) உரக்க இருக்கும். இரண்டையும் அப்படியே அடுத்தடுத்துப் போட்டால் புதியது ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

நம்பிக்கை இல்லையா? ஒரு சோதனை செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து, ஒரு நகல் எடுத்து, நகலை மட்டும் 2 டெசிபல் கூட்டுங்கள். எது எது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் போட்டுக் காட்டி, எதில் ஒலி நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். நான் என் அண்ணனிடம் செய்தேன். இரண்டாவதில் 'குரல் பக்கத்தில் வந்து நிற்கிறது' என்றார். ஒரே பாட்டு, ஒரே கோப்பு.

சமப்படுத்தும் வழி இது. உங்களிடம் இரண்டு சிடிகள் இருந்தால் ஒரே பாட்டை இரண்டிலிருந்தும் லேப்டாப்பில் ஏற்றுங்கள். ஆடாசிட்டியில் இரண்டு தடங்களாகத் திறங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்பதை இயக்குங்கள். அதில் இருக்கும் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் என்ற அளவை அப்படியே விடலாம். எல்யுஎஃப்எஸ் என்பது காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு. இனி இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் ஒலிக்கும். ஹெட்ஃபோனின் சத்தத்தை ஒருமுறை வைத்துக்கொண்டு பிறகு தொடாதீர்கள்.

சிடி இல்லாதவர்கள் ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் 'ஆடியோ நார்மலைசேஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மியூசிக்கில் அதன் பெயர் 'சவுண்ட் செக்'. ஸ்பாட்டிஃபையில் இரண்டு பதிப்புகளையும் ஒரே பிளேலிஸ்டில் போட்டுக் கேளுங்கள். ஆல்பமாக ஓட்டினால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே அளவு வைப்பார்கள், பிளேலிஸ்டில்தான் ஒவ்வொரு பாட்டையும் தனியாகச் சமப்படுத்துவார்கள்.

நான்காம் படி: அலைவடிவத்தை ஒரு கண் பாருங்கள்

இதைச் சத்தத்தைச் சமப்படுத்துவதற்கு முன்பே, மூலக் கோப்பில் பார்த்துவிடுங்கள். ஆடாசிட்டியின் வியூ மெனுவில் வெட்டுப்பட்ட இடங்களைக் (கிளிப்பிங்) காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டால் உச்சியில் நசுங்கிய இடங்கள் சிவப்பாகத் தெரியும். மலையும் பள்ளமுமாக இருந்தால் இசைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசி வரை செங்கல் மாதிரி ஒரே பட்டையாக இருந்தால் யாரோ சத்தத்துக்காக எல்லாவற்றையும் அமுக்கியிருக்கிறார்கள்.

இகி அண்ட் த ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் 'ரா பவர்' ஆல்பம் இதற்கு நல்ல பாடம். 1973ல் டேவிட் போவி மிக்ஸ் செய்தது. 1997ல் இகி பாப் தானே மறுபடி மிக்ஸ் செய்தார், வேண்டுமென்றே கிழிகிற அளவுக்கு உரக்க. 2010ல் போவியின் மிக்ஸை மறுபடி வெளியிட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது ஒரு நொடியில் புரியும். ஆனாலும் படத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த 1997 மிக்ஸ்தான் அந்தப் பாட்டுகளுக்குப் பொருத்தம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஐந்தாம் படி: காதை எங்கே வைப்பது?

'மொத்தமாக எப்படி இருக்கிறது' என்று கேட்டால் ஒன்றும் பிடிபடாது. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 'வாட்ஸ் கோயிங் ஆன்' தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தில் நண்பர்கள் கூடிப் பேசும் சத்தம் வரும். அதில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மெல் ஃபாரும் லெம் பார்னியும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஒரு அறைக்குள் நடப்பதுபோல இருக்கிறதா, முகத்துக்கு நேராக வந்து கத்துகிறதா? அமுக்கிவிட்ட மாஸ்டரில் பின்னால் இருக்க வேண்டியதெல்லாம் முன்னால் வந்துவிடும். கூடவே எலி ஃபான்டெய்னின் சாக்ஸபோன் வருகிறது. அதன் ஒவ்வொரு சொற்றொடரும் முடிகிற இடத்தில் எதிரொலி எவ்வளவு தூரம் தேய்ந்து போகிறது என்று கவனியுங்கள்.

அடுத்து பேஸ். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தடித்த வழவழப்பான கம்பிகள், அவற்றை மாற்றவே மாட்டார், வலக்கையின் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். அப்படி வாசித்தால் ஒலி உருண்டையாக, கொஞ்சம் மந்தமாக, மரத்தில் தட்டியதுபோல வரும். ரீமாஸ்டரில் அது பளிச்சென்று 'டக் டக்' என்று கேட்டால் யாரோ மேல் ஒலிகளைத் தூக்கியிருக்கிறார்கள். அறையே அதிரும்படி கும்மென்று வந்தால் பேஸைத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு வாத்தியம் நேரில் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது எந்த மென்பொருளையும்விட உதவும். இந்த ஒரு பாட்டில் ஜேமர்சனை மட்டும் பின்தொடர்ந்து நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு குரல். கேயின் குரல் இரண்டு தடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அவர் இரண்டு விதமாகப் பாடியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் சேர்த்து ஓட்டிவிட, கேய்க்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். நல்ல பதிப்பில் இது இரண்டு மனிதர்கள் பாடுவதாகவே கேட்கும். மோசமான பதிப்பில் ஒரு தடித்த குரலாக ஒட்டிக்கொள்ளும். 'ஸ' ஒலி வரும் இடங்கள் காதைக் குத்துகின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியில் பாட்டு தேய்ந்து முடியும் இடம். அங்கே டேப்பின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மெலிதாகக் கேட்டால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. இரைச்சலே இல்லாமல் துடைத்திருந்தால் அதோடு சிம்பலின் நுனியும் அறையின் காற்றும் போயிருக்கும். எனக்கு இரைச்சலோடு இருப்பதுதான் வேண்டும்.

இதே ஆல்பத்தின் 2001 டீலக்ஸ் பதிப்பில் டெட்ராய்ட் மிக்ஸ் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 1971ல் முதலில் செய்தது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி கலந்ததுதான் மே மாதம் வெளிவந்தது. டெட்ராய்ட் மிக்ஸ் இன்னும் எளிமையாக இருக்கும். வெளிவந்த மிக்ஸ் மனதில் நன்றாகப் பதிந்த பிறகு இதைக் கேளுங்கள்.

ஆறாம் படி: மோனோவை ஒதுக்காதீர்கள்

சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பம் 1965ல் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிவானது. அதில் 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டு ஏற்கெனவே சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, மோனோவில் வந்திருந்தது. ஸ்டீரியோ ஆல்பத்துக்காக அதை மறுபடி பாடினார். ஆக மோனோ ஆல்பத்தில் இருப்பதும் ஸ்டீரியோ ஆல்பத்தில் இருப்பதும் வேறு வேறு பதிவுகள். 2008 பதிப்பில் இரண்டு ஆல்பங்களும் சேர்ந்தே வந்தன. 1960களின் நடுப்பகுதி சோலுக்கு மோனோ இருந்தால் அதை முதலில் கேளுங்கள். அதில் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து தாக்குவது தெரியும்.

ஏழாம் படி: இசைத்தட்டு வாங்குவதாக இருந்தால்

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெறும் வளையத்தில் கீறிய எண்களும் எழுத்துகளும் இருக்கும். அதுதான் தட்டின் அடையாள அட்டை. 1969ல் வந்த 'லெட் ஸெப்பலின் 2' முதல் அச்சுகளில் அங்கே 'ஆர்எல்' என்று இருக்கும். மாஸ்டரிங் செய்த பாப் லட்விக் மிக உரக்க வெட்டியது, அவர் பெயரின் முதல் எழுத்துகள் அவை. மலிவான பிளேயர்களில் ஊசி குதித்ததால் சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். அந்த இரண்டு எழுத்துக்காக இன்றும் தேடி அலைகிறார்கள்.

'முழுக்க அனலாக்', அதாவது எங்கேயும் டிஜிட்டலாக மாற்றாதது, என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். முழுக்க அனலாக் என்று பலர் நம்பியிருந்த மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022ல் தெரியவந்தது. அதுவரை அவற்றின் ஒலியைப் புகழ்ந்தவர்கள் கேட்டது அதே தட்டுகளைத்தான். பழைய தட்டு வாங்கும்போது, பணம் அனுப்புவதற்கு முன் அந்த வளையத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். அதில் இருக்கும் எழுத்தை இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டிப் பார்த்தால் எந்த நாட்டில், எந்த ஆண்டில் அச்சானது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.