அக்காவின் மாத்திரை பாட்டிலும் என் நாலு கிலோவும்

போன மாதம், கிருஷ்ணகிரியில் நான் பயிற்சி தரும் ஜிம்மில் ஒரு பையன் பெஞ்சில் படுத்துக் கம்பியைப் பிடித்தான். எடை ஏற்றாத வெறும் கம்பிதான். கை நடுங்கியது. காவேரிப்பட்டினம் பக்கத்துப் பையன். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லண்ணா."

இன்னொரு முறை கேட்டதும் அம்மாவின் தைராய்டு மாத்திரை என்றான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அக்காவின் தைராய்டு மாத்திரையை எடுத்து நான் செய்த அதே கூத்து.

பட்டினி கிடக்காதே, நன்றாகத் தூங்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். "மெட்டபாலிசம் ஏறும்", அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேகம் கூடும் என்று சொல்லி ஜிம்முக்குள் கைமாறும் மாத்திரைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் தைராய்டு மாத்திரை

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியிடம் வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் தைராய்டு சுரக்கும். வெளியிலிருந்து தைராக்ஸின், அதாவது அந்த மாத்திரையில் இருக்கும் தைராய்டு ஹார்மோன், உள்ளே போனால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் குறைத்துவிடும், சுரப்பியும் தன் பங்குக்குக் குறைத்துக்கொள்ளும். ஆக, கொஞ்சமாகப் போட்டால் வரவும் செலவும் சரியாகி எடை அப்படியே நிற்கும். எடை இறங்க வேண்டுமானால் உடம்பின் தேவையைத் தாண்டிப் போட வேண்டும். தாண்டிவிட்டால் அது சிகிச்சை இல்லை, நீங்களே வரவழைத்துக்கொண்ட நோய். உடல் பருமனுக்கோ எடை குறைக்கவோ கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். தினமும் போடப் போட முந்தைய நாள் மிச்சத்தின் மேல் சேர்ந்துகொண்டே போய், ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். இது தெரியாமல், நாலாம் நாளே "வேலை செய்யல" என்று ஒன்றை இரண்டாக்கினேன். மூன்றாவது வாரம் மூன்றாக்கினேன். அப்புறம் எல்லாம் சேர்ந்து அடித்தது.

மாதக் கடைசியில் நாலு கிலோ குறைந்திருந்தேன். சிநேகிதர்கள் கைகொடுத்தார்கள். ஆனால் 90 கிலோ வைத்து ஸ்குவாட் போட்டவனால் 65-ஐத் தாண்ட முடியவில்லை. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது. ராத்திரி படுத்தால் இதயம் தலையணைக்குள் அடிப்பது போல இருக்கும். வாரா வாரம் ஏறும் சையத் பாஷா மலையில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தைராய்டு ஹார்மோன் மிதமிஞ்சினால் இதயம் தாளம் தப்பலாம். அதில் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நாள்பட்டால் எலும்பும் தேயும். ஃப்ளோரைடு தண்ணீரால் முட்டியும் முதுகும் போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். எலும்பைக் கெடுக்க மாத்திரை வேறு வேண்டுமா?

நிறுத்தியதும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் படபடப்பு அடங்கவே மூன்று வாரம் ஆனது.

"எங்கம்மா பத்து வருஷமா சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகலயே அண்ணா" என்று ஜிம்மில் யாராவது ஒருவன் சொல்வான். அந்தப் பையனும் இதைத்தான் சொன்னான். அம்மாவுக்குச் சுரப்பது போதவில்லை, அதனால் மாத்திரை அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. சமமான தரையில் அதே மண்ணைக் கொட்டினால் மேடுதான் எழும்பும். தைராய்டு குறைவு உள்ளவர்களே கூட, இளைக்கலாம் என்று டாக்டரைக் கேட்காமல் அளவை ஏற்றினால் இதே கதிதான்.

காபி, பவுடர், சளி மாத்திரை: மூன்றும் ஒன்றாக

100 மில்லிகிராம் காஃபின், அதாவது ஏறக்குறைய ஒரு காபி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மெட்டபாலிசத்தை 3, 4 சதவீதம் ஏற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து கலோரிகூடத் தேறாது. ஒரு கடலை மிட்டாய் கடித்தால் போச்சு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்கிறார்கள். ஆனால் உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் ஒரு கரண்டியிலேயே 200, 300 இருக்கும். அதன் மேல் காபி, அதன் மேல் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரை என்றால் ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும்? இதே குடும்பத்து எஃபெட்ரின் கலந்த எடைக்குறைப்புப் பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததால்தான். தைராக்ஸினோடு இவற்றைச் சேர்ப்பது இன்னும் மோசம்.

ஆஸ்துமா மாத்திரை

சால்பியூட்டமால். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். மூச்சிரைப்பு இல்லாதவனுக்கு எதற்கு?

நீர் பிரிய வைக்கும் மாத்திரை

போவது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

டிஎன்பி என்ற மஞ்சள் பொடி

தொடாதீர்கள். 1930-களில் எடை குறைக்க விற்றார்கள், 1938-இல் அமெரிக்கா மனிதர் உண்ணத் தகாதது என்று அறிவித்தது. உடம்புச் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறும். முறிவு மருந்து கிடையாது.

டாக்டரிடம் மறைப்பது

படபடப்பு தாங்காமல் டாக்டரிடம் போனபோது மாத்திரை விஷயத்தை நான் சொல்லவில்லை. டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருந்தது. "வீட்டுல யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார். "அக்காவுக்கு" என்றேன். பொய் இல்லையே! பரம்பரையாக வந்த கோளாறாக இருக்கலாம் என்று அவர் நினைத்து, பெங்களூரு போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சுரப்பியை அடக்க மருந்து தொடங்கலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. நல்ல சுரப்பிக்கு மருந்து!

பெங்களூரு கிளம்புவதற்கு முதல் நாள் டாக்டரிடம் அக்காவும் கூட வந்தாள். மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டிய 100 மாத்திரை பாட்டிலை மேசை மேல் வைத்தாள். காலி. "இதுல பாதிக்கு மேல இவன் வயித்துக்குள்ள போயிருக்கு டாக்டர்" என்றாள். கடைசி வாரம் அவள் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுச் சமாளித்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.