ரன்னிங் பேக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச் மாதம், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தன் ரன்னிங் பேக் சக்குவான் பார்க்லியை வெளியே போகவிட்டது. வயது 27. ஒரு முறை முழங்காலில் தசைநார் அறுந்து மீண்டவர். இனி அவரிடம் பழைய வேகம் இருக்காது என்று பலர் எழுதினார்கள். அதே வாரத்தில் 30 வயது டெரிக் ஹென்றி டென்னசியை விட்டு பால்டிமோருக்குப் போனார். அவரைப் பற்றியும் அதே பேச்சுதான். அந்த சீசனில் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக 2,005 யார்டு ஓடி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார். ஹென்றி 1,921 யார்டு ஓடினார்.

இரண்டு கணிப்புகளும் பொய்த்தது தற்செயல் அல்ல. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கி, எதிரணியின் பதினொரு பேருக்கு நடுவே ஓட வேண்டியவர் ரன்னிங் பேக். அவருடைய ஆட்ட வாழ்க்கையை மற்ற வீரர்களுடையதைப் போலவே அளந்தால் தப்பாகத்தான் போகும். என்எஃப்எல் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் ரசிகர்கள் இந்தத் தவறுகளை முதலிலேயே தெரிந்துகொண்டால் நல்லது.

மொத்த யார்டை மட்டும் பார்ப்பது

ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஓடிய யார்டுகளின் பட்டியலில் உச்சியில் எம்மிட் ஸ்மித் இருக்கிறார், 18,355 யார்டு. அவருக்கு அடுத்து 16,726 யார்டுடன் வால்டர் பேட்டன். ஜிம் பிரவுன் 12,312 யார்டுடன் எங்கோ கீழே நிற்கிறார். இதை வைத்து பிரவுன் சிறியவர் என்று நினைத்தால் பெரிய பிழை. எம்மிட் 15 சீசன் ஆடினார், பிரவுன் ஆடியது 9 சீசன்தான். அதிலும் பிரவுன் தொடங்கிய 1957-இல் ஒரு சீசனுக்கு 12 ஆட்டங்களே இருந்தன. பிறகு 14 ஆனது, 1978-இல் 16, 2021 முதல் 17. ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்று பார்த்தால் பிரவுனுக்கு 104.3, எம்மிட்டுக்கு 81 சொச்சம்.

ஒரு சீசன் சாதனையிலும் இதே சிக்கல் உண்டு. 1984-இல் எரிக் டிக்கர்சன் 16 ஆட்டங்களில் எடுத்த 2,105 யார்டுதான் இன்றும் உச்சம். ஆனால் 1973-இல் ஓ.ஜே. சிம்ப்சன் 2,003 யார்டு எடுத்தது 14 ஆட்டங்களில்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, நீண்ட நாள் ஆடியவர்களை ‘சும்மா நின்று சேர்த்தவர்கள்’ என்று ஒதுக்குவதும் சரியில்லை. பேட்டன் 13 சீசனில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். ஃபிராங்க் கோர் கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் தசைநார் அறுந்து, அதனால், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுவரை காத்திருந்தவர். அவர் 16 சீசன் ஆடி, சரியாக 16,000 யார்டுடன் முடித்தார். ஒவ்வொரு ஞாயிறும் அடி வாங்கிவிட்டு அடுத்த ஞாயிறு எழுந்து வந்து நிற்பது, வேகத்துக்கும் வளைந்து ஓடுவதற்கும் சற்றும் குறையாத திறமை.

தனி மனித சாதனையாகப் பார்ப்பது

ரன்னிங் பேக் ஓடுவதற்கு முன் ஐந்து கனமான மனிதர்கள் எதிரணியைத் தள்ளி வழி திறக்க வேண்டும். அவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன். 2014-இல் டல்லஸ் கவ்பாய்ஸில் டிமார்கோ முர்ரே 1,845 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனதும் 702. ஒரே வருடத்தில் கால்கள் அவ்வளவு மாறிவிடுமா? முந்தைய ஆண்டு 392 முறை ஓடிய களைப்பும் அதில் இருந்திருக்கும், சரி. ஆனால் டல்லஸின் லைன் கூட வரவில்லை, அவருக்கு ஒத்துவந்த ஆட்ட முறையும் கூட வரவில்லை.

எம்மிட் ஸ்மித்தையும் பேரி சாண்டர்ஸையும் ஒப்பிடும் பழைய விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. எம்மிட்டுக்கு நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், பின்னாளில் லேரி ஆலன் போன்றவர்கள் வழி திறந்தார்கள். முன்னால் ஓடி இடித்துக்கொடுக்க டேரில் ஜான்ஸ்டன் இருந்தார். டெட்ராய்ட் லயன்ஸில் சாண்டர்ஸ் பல நேரம் பந்தை வாங்கிய இடத்திலேயே இருவரை ஏமாற்ற வேண்டியிருந்தது. அதனால் அவருடைய கணக்கு மேலும் கீழும் குதிக்கும். 1994-இல் 1,883 யார்டு ஓடியவர், அந்த சீசனின் இறுதிக்கட்ட நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் ஆட்டத்தில் கிரீன் பே அணிக்கு எதிராக 13 முறை ஓடி எடுத்தது மைனஸ் ஒரு யார்டு.

அப்படியானால் எல்லாம் லைன்தானா? 1993-ஐப் பாருங்கள். சம்பளத் தகராறில் எம்மிட் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. முந்தைய ஆண்டு சாம்பியனான டல்லஸ் அந்த இரண்டிலும் தோற்றது. அவர் திரும்பி வந்தார், டல்லஸ் மறுபடியும் சூப்பர் பவுலை வென்றது. அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரர் அவர், சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் அவரே.

வயதை மட்டும் எண்ணுவது

முப்பது வந்தால் ரன்னிங் பேக் முடிந்தார் என்று ஒரு வழக்கு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வயதை விட, உடல் இதுவரை எத்தனை மோதல்களைத் தாங்கியது என்பதுதான் முக்கியம். ஹென்றி தொழில்முறை ஆட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் இதே முர்ரேக்குப் பின்னால் இரண்டாம் ஆளாக இருந்தார். அப்போது மிச்சமான கால்கள் 30 வயதில் அவருக்கு உதவின என்றுதான் நினைக்கிறேன்.

லேரி ஜான்சனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 2006-இல் கான்சாஸ் சிட்டி அவருக்கு 416 முறை பந்தைக் கொடுத்தது. ஒரு சீசனில் அதற்கு மேல் யாரும் ஓடியதில்லை. அடுத்த ஆண்டு பாதியிலேயே பாதக் காயத்தால் வெளியேறினார், பிறகு ஒரு சீசனில்கூட 1,000 யார்டைத் தொடவில்லை. அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 1998-இல் 410 முறை ஓடி அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அடுத்த சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போனது. இதையும் மாறாத விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1986-இல் 404 முறை ஓடிய டிக்கர்சன், 1988-இல் மீண்டும் லீக்கிலேயே அதிக யார்டு எடுத்தார்.

சம்பளம் கேட்பவரைப் பேராசைக்காரர் என்பது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். ‘கோடிகளில் வாங்கிக்கொண்டு இன்னும் கேட்கிறான்’ என்று சொல்பவர்கள் இந்தத் தொழிலின் கணக்கைப் பார்ப்பதில்லை.

கல்லூரியிலிருந்து ஒருவர் 21, 22 வயதில் வருகிறார். லீக்கும் வீரர்கள் சங்கமும் 2011-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதை வைத்தே முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மூன்று சீசன் முடியும்வரை புது ஒப்பந்தம் பேசவே முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்றால் ஐந்தாம் ஆண்டையும் அணி தன் விருப்பப்படி நீட்டிக்கலாம். அதற்குப் பிறகும் ‘ஃபிரான்சைஸ் டேக்’ போட்டு ஓராண்டுச் சம்பளத்தில் பிடித்து வைக்கலாம். ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அப்போதுதான் உச்சம் தொடங்கும். ரன்னிங் பேக்கின் நல்ல ஆண்டுகள் பெரும்பாலும் அதற்குள் செலவாகிவிடும். பேரம் பேசும் உரிமை கைக்கு வரும்போது, ‘உன் கால் தேய்ந்துவிட்டது’ என்று அணி சொல்கிறது. தேய்ந்தது யாருக்காக?

2022-இல் லீக்கிலேயே அதிகமாக, 1,653 யார்டு ஓடியவர் ஜாஷ் ஜேக்கப்ஸ். 2023 கோடையில் அவருக்கும் பார்க்லிக்கும் டோனி பொலார்டுக்கும் டேக் போடப்பட்டது, மூவரில் ஒருவருக்கும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2018-இல் பிட்ஸ்பர்க்கின் லீவியான் பெல் டேக்கை ஏற்க மறுத்து முழு சீசனும் ஆடாமல் உட்கார்ந்தார். கிட்டத்தட்ட 1.45 கோடி டாலர் போனது. பிறகு ஜெட்ஸ் அணி நான்கு ஆண்டுக்கு 5.25 கோடி தருவதாக எடுத்து, 2020 அக்டோபரில் விடுவித்தது. அவர் முடிவு பலித்ததா என்று வாதிடலாம், அவருடைய கோபம் நியாயமானது.

இன்னொன்று, செய்தித் தலைப்பில் வரும் தொகையை அப்படியே நம்பாதீர்கள். எசிக்கியல் எலியட்டின் 2019 ஒப்பந்தம் ஆறு ஆண்டு, 9 கோடி டாலர். அதில் உறுதியளிக்கப்பட்டது 5 கோடி. 2023 மார்ச்சில் டல்லஸ் அவரை விடுவித்தது. டாட் கர்லி 2018-இல் 5.75 கோடிக்குக் கையெழுத்திட்டார், இரண்டே ஆண்டில் ராம்ஸ் அவரை நீக்கியபோது அவருக்கு வயது 25. உறுதித் தொகை எவ்வளவு என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஓடுவதை மட்டும் வேலை என்று நினைப்பது

பந்து கையில் இல்லாதபோது குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டும், பாஸ் பிடிக்க வேண்டும், பந்தைக் கீழே விடக் கூடாது. இளம் வீரர்கள் பெஞ்சில் உட்காருவது பெரும்பாலும் முதலாவது தெரியாததால்தான். ஒரே சீசனில் ஓடியும் 1,000, பாஸ் பிடித்தும் 1,000 யார்டு எடுத்தவர்கள் மூவர்: 1985-இல் ரோஜர் கிரெய்க், 1999-இல் மார்ஷல் ஃபாக், 2019-இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி.

விலகுவதைத் துரோகமாகப் பார்ப்பது

1999 ஜூலையில் பேரி சாண்டர்ஸ் தன் சொந்த ஊர் விச்சிட்டாவின் செய்தித்தாளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றார். வயது 31. பேட்டனின் அன்றைய சாதனையை எட்ட 1,457 யார்டுதான் பாக்கி, அவருடைய வேகத்துக்கு ஒரு சீசன் போதும். டெட்ராய்ட் ரசிகர்கள் பலர் நெடுநாள் மன்னிக்கவில்லை. ஜிம் பிரவுனும் 1966-இல், 30 வயதில், உச்சத்தில் இருந்தபோதே நிறுத்தினார்.

அவர்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் என்று ஏங்குகிறவர்கள் ஏர்ல் கேம்பலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1980-இல் ஹூஸ்டனுக்காக 1,934 யார்டு ஓடியவர், எதிரில் வந்தவரை இடித்துத் தள்ளியே பேர் வாங்கியவர். பிற்காலத்தில் அவருக்கு நடப்பதே சிரமமானது, சக்கர நாற்காலி தேவைப்பட்டது. சாண்டர்ஸ் பத்து சீசனில் 15,269 யார்டு கொடுத்திருக்கிறார். அந்தப் பத்து ஆண்டுகளில் லயன்ஸ் ஜெயித்த பிளேஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று. 2004-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, அவரை மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பதினோராவது சீசனையும் ஆடியிருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே என் கருத்து.