சோழமண்டலத்தில் ஓவியம் வாங்கி விமானம் ஏற்றுவது

சென்னையில் அரை நாள் கையில் இருந்தால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய் வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுக் காசு சேர்த்து, நிலம் வாங்கி, 1966இல் அமைத்த ஊர் இது. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போக வேண்டும். முட்டுக்காட்டில் உள்ள கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ராவையும் சேர்த்துப் பார்ப்பதானால் செவ்வாய் வேண்டாம், அங்கே விடுமுறை.

சோழமண்டலத்தில் முதலில் அருங்காட்சியகம், பிறகுதான் விற்பனைக் கூடம். பணிக்கரும் கூட்டாளிகளும் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தின் கோடு கண்ணில் பதிந்தபின் விலைச்சீட்டைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். ‘விருது பெற்றவர்’ என்றால் யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று கேளுங்கள். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் தேசிய விருதும் ஏதோ ஒரு சங்கத்தின் கேடயமும் ஒன்றல்ல.

வாங்குவது எளிது, கட்டுவதில்தான் படம் கெடும். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். தடித்த பூச்சென்றால் சுருட்டவே வேண்டாம், சட்டத்தோடு மரப்பெட்டியில் அனுப்புங்கள். அக்ரிலிக் வெயிலில் இளகி ஒட்டும்; பபிள் ராப்பை நேரே சுற்றினால் குமிழித் தடம் நிரந்தரமாகப் பதியும். முதலில் கிளாசின் எனும் வழவழப்பான மெல்லிய தாள், அதன் மேல்தான் மற்றவை. சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும்; உள்ளே வைத்தால் பூச்சு நெருக்குண்டு உதிரும். ஆறு அங்குல விட்டமுள்ள குழாயின் மேல் சுற்ற வேண்டும், குழாய்க்குள் திணிக்கக் கூடாது. பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. வரைதான் சாதாரணப் பெட்டியாக ஏற்கும், கட்டி முடித்தபின் அளந்து பாருங்கள்.

ரசீதில் ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு நான்கும் இருக்கட்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியம், சிற்பம் எதுவும் நாட்டை விட்டுப் போக முடியாது. ரவிவர்மா, ஜாமினி ராய் போன்ற ஒன்பது பேரின் படைப்புகளுக்கு வயது வரம்பே கிடையாது, எப்போதும் தடைதான். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ‘தாத்தா காலத்துச் சாமிப் படம்’ என்று காட்டினால் இது நினைவில் இருக்கட்டும். புதிதாக வார்த்த வெண்கலச் சிலையும் பழையதுபோலத் தெரிந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். கிளம்பும் வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.