‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’: விமர்சனம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீபன் கிரேன் எழுதிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ சின்ன நாவல்தான், இரண்டு நாளில் படித்து முடித்துவிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்த ஹென்றி ஃபிளெமிங் என்ற பையன் முதல் நாள் சண்டையில் பயந்து ஓடிப்போகிறான், இரவில் தன் படைக்கே திரும்பி வருகிறான், மறுநாள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறான். கதை அவ்வளவுதான். இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கோழை ஒருவன் வீரனாகும் கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

பெரிய தவறு, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது: ஹென்றி நினைப்பதை கிரேன் சொல்வதாக எடுத்துக்கொள்வது. ஓடிப்போன ஹென்றி காட்டுக்குள் போகிறான், ஓர் அணில் மீது பைன் காயை வீசுகிறான், அணில் பயந்து ஓடுகிறது. உடனே அவனுக்கு நிம்மதி. பாருங்கள், ஆபத்து வந்தால் ஓடுவதுதான் இயற்கையின் சட்டம், அணில்கூட அப்படித்தான் செய்கிறது, நான் செய்ததில் என்ன தப்பு என்று வாதம் பண்ணுகிறான். இந்த இடத்தை மட்டும் எடுத்து ‘கிரேனுக்கு இயற்கை ஓர் அடைக்கலம்’ என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் பக்கத்தைத் திருப்புங்கள். கிளைகள் வளைந்து சின்னத் தேவாலயம் போல அமைந்த இடத்துக்குள், பைன் ஊசிகள் விரிப்பாகக் கிடக்கும் தரையில் அவன் கால் வைக்கிறான். அங்கே மரத்தில் சாய்ந்தபடி ஒரு பிணம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, முகத்தில் எறும்பு ஊர்கிறது. அவன் கட்டிய வாதத்துக்கு கிரேன் பதில் சொல்வது இப்படித்தான். ஒரு சொல்கூடத் தனியாக விளக்கமாட்டார்.

கதைசொல்லி அவனைப் பெரும்பாலும் ‘இளைஞன்’ என்றே குறிப்பிடுகிறார், பெயர் மற்றவர்கள் கூப்பிடும்போதுதான் காதில் விழுகிறது. அந்தத் தூரம் வேண்டுமென்றே வைத்தது. அதே சமயம் பல இடங்களில் ‘என்று நினைத்தான்’ என்ற வேலி இல்லாமலே அவன் எண்ணம் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பெரிய வாக்கியம் வரும்போதும் இது யாருடைய குரல் என்று கேட்டுப் பழகுங்கள்.

இது கடைசி அத்தியாயத்தில் ரொம்ப முக்கியம். அங்கே ‘அவன் ஓர் ஆண்மகன்’ என்று ஒரு வரி வருகிறது. முதல் தடவை படித்தபோது அதை அப்படியே நம்பித்தான் நானும் புத்தகத்தை மூடினேன். மறுபடி படித்தபோதுதான் 15ஆம் அத்தியாயம் கண்ணில் பட்டது. தான் ஓடியது யாருக்கும் தெரியாது என்று உறுதியானதும் ஹென்றி நினைத்துக்கொள்கிறான்: தப்புகளை இருட்டில்தான் செய்தேன், அதனால் நான் இன்னமும் ஆண்மகன்தான். அதே சொல்! யாரும் பார்க்காததால் கிடைத்த ஆண்மை அது. முடிவில் வரும் ஆண்மையும் அதே வகையா, இல்லை உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறதா என்று விமர்சகர்கள் வெகுகாலமாகச் சண்டை போடுகிறார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள், ஆனால் இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நிற்காதீர்கள்.

அடுத்தது தலைப்பு. ‘வீரத்தின் சிவப்புப் பேட்ஜ்’ என்று பொருள், போரில் படும் காயத்தைத்தான் அது குறிக்கிறது. நம் மொழியில் ‘விழுப்புண்’ என்ற அருமையான சொல் கையிலேயே இருக்கிறது, அதனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதைப் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். விழுப்புண் என்பது எதிரியை நேருக்கு நேர் நின்று வாங்கிய புண். ஹென்றியின் புண் எப்படி வந்தது? அவனைப் போலவே ஓடிவந்த, சொந்தத் தரப்புச் சிப்பாய் ஒருவனைப் பிடித்து நிறுத்தி ‘ஏன், ஏன்’ என்று கேட்கப்போய், அவன் துப்பாக்கிக் கட்டையால் தலையில் போட்ட அடி. படைக்குத் திரும்பியதும் குண்டு பட்டது என்று பொய் சொல்கிறான், நண்பர்கள் கட்டுப் போட்டுவிடுகிறார்கள். ‘பேட்ஜ்’ என்றால் சட்டையில் குத்திக்கொள்வது, அடுத்தவர் கண்ணுக்குக் காட்டுவது. அதைப் போலியாகவும் குத்திக்கொள்ளலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விழுப்புண் என்று எழுதியவுடன் இது அத்தனையும் போய்விடும்.

சரி, குறியீடு தேடும் பழக்கத்துக்கு வருவோம். ஹென்றியின் நண்பன் ஜிம் காங்க்ளின் காயம்பட்டுச் சாகும் 9ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியில், சிவப்புச் சூரியன் வானத்தில் ‘வேஃபர்’ போல ஒட்டியிருந்தது என்று எழுதுகிறார் கிரேன். ஆர். டபிள்யூ. ஸ்டால்மன் என்ற விமர்சகர் 1951இல் இதைத் தேவாலயத்தில் கொடுக்கும் நற்கருணை அப்பமாகப் படித்தார், ஜிம் காங்க்ளினின் முதலெழுத்துகள் ஜே.சி. என்பதால் அவனை இயேசு கிறிஸ்துவாகவும் பார்த்தார். கெட்டிக்காரத்தனமான வாசிப்புதான். ஆனால் அந்தக் காலத்தில் கடித உறைகளை ஒட்டி மூடப் பயன்பட்ட சிவப்பு வில்லைக்கும் வேஃபர் என்றுதான் பெயர், ‘ஒட்டியிருந்தது’ என்ற வினையும் அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. நண்பன் கண்ணெதிரே செத்துவிழுகிறான், ஹென்றி போர்க்களத்தை நோக்கி முஷ்டியை ஆட்டுகிறான், வானமோ ஒட்டின கடிதம் மாதிரி மூடிக் கிடக்கிறது. இதைவிடக் கனமான பொருள் எதுவும் அந்த வரிக்குத் தேவையில்லை.

கிரேன் போரில் இருந்திருக்கிறார் என்று எழுதுவது இன்னொரு தவறு. போர் முடிந்தது 1865இல், அவர் பிறந்ததே 1871இல். 1895இல் நூல் வந்தபோது அவருக்கு வயது 23, ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. கிரீஸ், கியூபா போர்களுக்கு நிருபராகப் போனதெல்லாம் அப்புறம்தான். அதற்காக எல்லாமே கற்பனை என்றும் எழுதிவிட வேண்டாம். ‘செஞ்சுரி’ இதழில் போர்த் தளபதிகளும் வீரர்களும் எழுதிய நினைவுக் கட்டுரைகளை அவர் தேடிப் படித்தவர். அவற்றில் யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் இருந்தது, நின்றவன் மனசுக்குள் என்ன ஓடியது என்பதுதான் இல்லை.

களம் எது என்று நாவல் சொல்லவில்லை. ஆனால் 1896இல் வந்த கிரேனின் ‘தி வெட்டரன்’ சிறுகதையில் கிழவனான ஹென்றியே தன் முதல் சண்டை சான்சலர்ஸ்வில் என்கிறான். 1863 மே மாதம் வர்ஜீனியாவில் ஜெனரல் ஹூக்கரின் வடக்குப் படை தெற்குத் தளபதி லீயிடம் தோற்று, ஆற்றைக் கடந்து திரும்பிப்போன சண்டை அது. அதாவது ஹென்றி கொடி பிடித்து ஓடிய ஓட்டத்தால் போரில் எதுவும் மாறவில்லை. இதை விட்டுவிட்டு அவன் வெற்றியைக் கொண்டாடுவது அரைகுறை வாசிப்பு.

அந்தப் போருக்கு மூலகாரணமான அடிமைமுறை பற்றிய பேச்சு இந்நாவலில் கிடையாது. முதல் அத்தியாயத்தில் சிப்பாய்கள் கைதட்ட, பெட்டி மேல் ஆடும் கறுப்பின வண்டிக்காரன் ஒருவன் வருகிறான், படை நகரப்போகிறது என்ற புரளி கிளம்பியதும் கூட்டம் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. எதற்காக நடந்த போர் என்பதே இல்லாத ஒரு போர் நாவல் இது, அதைக் கவனிக்காமல் எழுதப்படும் விமர்சனத்தை நான் முழுமையானதாக நினைக்க மாட்டேன்.

எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1895 பதிப்பில், கையெழுத்துப் பிரதியில் இருந்த ஓர் அத்தியாயமே இல்லை, ஹென்றியின் எண்ணங்கள் பல வெட்டப்பட்டிருக்கின்றன. 1982இல் ஹென்றி பைண்டர் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த பதிப்பில் அவை திரும்பச் சேர்ந்தன.

கடைசியாக, அம்மா. அவளைப் பற்றி யாரும் நாலு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஹென்றி காவிய வசனம் பேசி விடைபெற நினைத்திருக்கிறான், அவளோ உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, எட்டு ஜோடி காலுறை பின்னி வைத்திருக்கிறேன், சட்டைகளோடு ஒரு கோப்பை பிளாக்பெர்ரி ஜாமும் வைத்திருக்கிறேன் என்கிறாள். அத்தனை பேருக்கு நடுவில் நீ ஒரு சின்னப் பையன், சொன்னதைச் செய் என்கிறாள். எரிச்சலோடு கிளம்பியவன் வாசல் கேட்டருகே திரும்பிப் பார்க்கிறான். கிழங்குத் தோல்களுக்கு நடுவில் அவள் மண்டியிட்டிருக்கிறாள், நிமிர்ந்த முகம் கண்ணீரால் நனைந்திருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறான், தான் கிளம்பிய காரியத்தை நினைத்து அவனுக்குத் திடீரென்று வெட்கமாக இருக்கிறது.