பழைய வீட்டை விரிவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரம்பரியக் குடியிருப்புப் பகுதியிலுள்ள பழைய வீட்டில் அறைகளைக் கூட்ட நினைப்பவர்கள் அலங்கார வேலைப்பாடுகளைப் பற்றியே அதிகம் யோசிக்கிறார்கள். வீட்டின் தோற்றத்தைக் கெடுப்பதோ பெரும்பாலும் புதிய பகுதியின் அளவும் அது அமையும் இடமும்தான். தெருவை நோக்கிய முகப்புக்கு இணையாகவோ அதற்கு முன்னாகவோ கட்டுவது முதல் தவறு. பின்புறத்திலோ, பக்கவாட்டில் முகப்பிலிருந்து நன்கு உள்வாங்கியோ கட்டி, புதிய கூரையின் முகட்டைப் பழைய முகட்டைவிடத் தாழ்வாக அமைத்தால் மூல வீடே முதன்மையாகத் தெரியும். முகப்பு வரைபடத்தை மட்டும் நம்பி உயரத்தை முடிவு செய்யக் கூடாது. அதில் முன்பின் தூரம் தெரியாது என்பதால், உத்தேச உயரத்திற்குக் கம்புகளை நட்டு எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பதே நல்லது.

பழைய பாணியை அச்சு அசலாகப் போலச் செய்வதும் தவறே. அவசியமான சேர்க்கைகள் தம் காலத்தின் முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும் என்று பழமையான கட்டடங்களின் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. இதைச் சாக்காக வைத்து, சுற்றுப்புறத்துடன் ஒட்டாத கண்ணாடிப் பெட்டியை நிறுத்துபவர்களும் உண்டு. சேர்க்கைகள் கட்டடத்தின் சமநிலையையும் சுற்றுப்புறத்துடனான உறவையும் கெடுக்கக் கூடாது என்றும் சொல்லும் சாசனத்தைப் பாதி மட்டும் படித்ததன் விளைவு அது. சன்னல்களின் நீள அகல விகிதம், தளங்களின் மட்டம், கூரைச் சரிவு ஆகியவற்றைப் பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, வேலைப்பாடுகளை எளிமையாக்கினால் புதியது பொருந்தவும் செய்யும், தனித்தும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத தவறுகள் இணைப்பில்தான் நேர்கின்றன. பழைய கட்டடம் எப்போதோ மண்ணில் படிந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் படியும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் விரிசல் விழும் என்பதால் இடையே அசைவுக்கு இடம்தரும் இணைப்பு தேவை. ஆழமற்ற பழைய அடித்தளத்தை ஒட்டி, அதைவிட ஆழமாகத் தோண்டுவது இன்னும் ஆபத்தானது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் மேல் சிமெண்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லிலேயே தங்கி, உப்புப் படிந்து, அதன் மேற்பரப்பு உதிரும். புதிய கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் மழைநீர் வடிய வழி செய்யாமல் விடுவதும் இதே சேதத்தில் முடியும்.

புதிய வாசலுக்காகச் சுவரை உடைக்காமல், இருக்கும் கதவு அல்லது சன்னல் திறப்பையே வழியாக்கிக்கொள்ளலாம். அப்போது கழற்றும் மரச்சட்டங்களை அளந்து, படமெடுத்து, எண்ணிட்டுப் பாதுகாத்து வைத்தால், பின்னொரு காலத்தில் சேர்க்கையை அகற்றுபவர் அவற்றைப் பழைய இடத்திலேயே பொருத்த முடியும்.